வீட்டுக்கு போர்வெல் எத்தனை அடி போடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தேவைக்கு போர்வெல் போட நினைப்பவர்கள் ஆழத்தைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். விவசாயத்துக்கோ தொழிற்சாலைக்கோ போடும் போர் வேறு கணக்கு, அதற்குள் போகவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், ஒரு வீட்டுக்கு எத்தனை அடி போதும்?

இடத்தைப் பார்க்காமல் ஒரு எண்ணைச் சொல்பவரை நம்ப வேண்டாம். 40 அடியிலேயே வருடம் முழுக்கத் தண்ணீர் கொடுக்கும் கிணறும் இருக்கிறது, 800 அடி போயும் புழுதியைத் தவிர எதுவும் வராத துளையும் இருக்கிறது. துளை போடும் வண்டி வருவதற்கு முன்னால் உங்களால் செய்ய முடிந்தது, எந்த நிலைமை வந்தால் நிறுத்துவது, எதற்கு மேல் கண்டிப்பாகப் போகக்கூடாது என்ற இரண்டையும் முடிவு செய்து வைப்பது. மீதியைத் துளைக்குள்ளிருந்து வெளியே வரும் மண்ணும் தண்ணீரும்தான் சொல்லும். இதை முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் சத்தத்தில், வண்டிக்காரர் "இன்னும் ஒரு 100 அடி பார்க்கலாமா?" என்று கேட்கும்போது யாராக இருந்தாலும் தலையாட்டத்தான் தோன்றும்.

150 அடியில் தண்ணீர் வந்தது என்கிறார்கள், ஆனால் மூடியைத் திறந்து பார்த்தால் 50 அடியிலேயே தண்ணீர் தெரிகிறதே?

இரண்டும் சரிதான். தண்ணீர் கிடைத்த ஆழம் வேறு, தண்ணீர் வந்து நிற்கும் ஆழம் வேறு. கீழே ஒரு பாறை வெடிப்பிலோ, இரண்டு களிமண் அடுக்குகளுக்கு நடுவில் உள்ள மணலிலோ அழுத்தத்தோடு இருக்கும் தண்ணீர், துளை அதைத் தொட்டதும் மேலே ஏறி, அழுத்தம் சமமாகும் உயரத்தில் நிற்கும். மோட்டார் ஓடாமல் ஒரு ராத்திரி முழுக்க விட்டு, காலையில் அளந்தால் தெரிவது நிலையான நீர்மட்டம். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் அது இறங்கும், கொஞ்ச நேரத்தில் ஏதோ ஓர் இடத்தில் நிலைத்து நிற்கும், அது இறைப்பு மட்டம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல ஊற்று உள்ள போரில் இறக்கம் 10 அடிகூட இருக்காது, மெதுவாக ஊறும் போரில் 100 அடியைத் தாண்டும்.

ஆழம் எவ்வளவு என்று முடிவு செய்யும்போது இந்த மூன்று எண்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். "150 அடியில் தண்ணீர்" என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கணக்கிட முடியாது.

சரி, அந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

வருடத்தில் தண்ணீர் மிகவும் கீழே போகும் மாதத்தின் நீர்மட்டத்தில் ஆரம்பிக்க வேண்டும். அக்கம்பக்கத்து போர்களில் கோடைக் கடைசியில் 110 அடியில் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் ஓடினால் இன்னும் 40 அடி இறங்கும் என்றால் இறைப்பு மட்டம் 150 அடி. மோட்டார் அதற்குக் கீழே மூழ்கியே இருக்க வேண்டும், காற்றை இழுத்தால் கெட்டுவிடும், அதனால் 30 அடி சேர்த்து 180 அடியில் மோட்டார். மழை பொய்த்த வருடம் வரும், சுற்றிலும் புது போர்கள் வரும், அதற்காக மோட்டாரை இன்னும் 40 அடி இறக்க இடம் வேண்டும், ஆக 220. மோட்டாருக்குக் கீழே வண்டல் தங்க 20 அடி. மொத்தம் 240 அடி.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் இடத்து எண்களைப் போட்டுப் பாருங்கள். இதில் ஊகம் கலந்த பகுதி அந்த எதிர்கால 40 அடிதான். நீர்மட்டம் வருடாவருடம் கீழே போய்க்கொண்டிருக்கும் பகுதியில் அது 40 போதாது. ஆறு, குளம், நல்ல மழை என்று மட்டம் நிலையாக இருக்கும் இடத்தில் அதில் பாதியே போதும்.

இன்னொன்று. இந்தக் கணக்கு தருவது, மோட்டாருக்குத் தேவையான ஆழம். அதற்குள் ஊற்று கிடைத்திருக்க வேண்டும் என்பது தனி நிபந்தனை. 240 அடி போயும் வெடிப்பு எதையும் தொடவில்லை என்றால் கணக்கு சரியாக இருந்து பயனில்லை.

பக்கத்து வீட்டில் 300 அடி போட்டிருக்கிறார்கள். நானும் 300 போட்டால் போதுமா?

பக்கத்து வீட்டு போர்தான் உங்களுக்குக் கிடைக்கும் மிகச்சிறந்த தகவல், ஆனால் அதில் கேட்க வேண்டிய கேள்வி மொத்த ஆழம் இல்லை. எத்தனை அடியில் முதல் ஈரம், எத்தனை அடியில் பெரிய ஊற்று, கேசிங் (துளையின் மேல்பகுதி சரியாமல் இருக்க இறக்கும் குழாய்) எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில், கோடையில் எவ்வளவு நேரம் ஓடினால் நின்றுபோகிறது, தண்ணீர் எப்படி இருக்கிறது. இதையெல்லாம் ஒரு வீட்டில் கேட்டால் போதாது, சுற்றியுள்ள நான்கைந்து வீடுகளில் கேட்டு ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எல்லோருக்கும் 140க்கும் 170க்கும் நடுவில் ஊற்று கிடைத்திருந்தால், அவர்கள் போய் நின்ற ஆழம் 300 என்றாலும் 500 என்றாலும், தண்ணீர் தந்தது அந்த 30 அடிதான் என்பது தெரிந்துவிடும். பலர் 500 அடி போர் என்று சொல்வதில் கடைசி 300 அடி வெறும் பாறை.

மணல் பாங்கான சமவெளியில் அடுக்குகள் பரவலாகப் போகும், அதனால் பக்கத்து எண் உங்களுக்கும் ஓரளவு பொருந்தும். கடினப் பாறையில் அப்படி இல்லை. வெடிப்பு ஒரு கோடு மாதிரி சாய்வாகப் போகும், பத்தடி தள்ளிப் போட்ட துளை அதைத் தொடாமலே போகலாம். மேட்டில் இருக்கும் வீடும் பள்ளத்தில் இருக்கும் வீடும் ஒரே தெருவில் இருந்தாலும் உயர வித்தியாசத்தைக் கழித்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஆழமாகப் போகப் போகத் தண்ணீர் அதிகமாகும்தானே?

இந்த நம்பிக்கையால்தான் நிறையப் பேர் வீணாகச் செலவு செய்கிறார்கள். கருங்கல், நைஸ் மாதிரியான கடினப் பாறையில் கல்லுக்குள் தண்ணீர் இல்லை. மேலே மக்கிய பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே உள்ள வெடிப்புகளிலும்தான் இருக்கிறது. கீழே போகப் போக மேலிருக்கும் பாரம் வெடிப்புகளை இறுக்கி மூடுகிறது, வெடிப்புகளின் எண்ணிக்கையும் குறைகிறது. இப்படிப்பட்ட பாறையில் பெரும்பாலான நல்ல ஊற்றுகள் முதல் 100 மீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய 330 அடிக்குள் கிடைத்துவிடும். அதற்குக் கீழே கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லவில்லை, பெரிய பிளவு ஓடும் இடத்தில் 700 அடியிலும் நல்ல தண்ணீர் வந்ததுண்டு, ஆனால் ஒவ்வொரு 100 அடிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: ஆழம் போனால் இருக்கும் தண்ணீரும் போகலாம். சில இடங்களில் மேலடுக்குத் தண்ணீர் ஒரு களிமண் படுகையின் மேல் தேங்கி நிற்கிறது. அந்தக் களிமண்ணைத் துளைத்துக் கீழே வறண்ட மணலுக்குள் போய்விட்டால், மேலே இருந்த தண்ணீர் துளை வழியாகக் கீழே வடிந்துவிடும். கீழே உப்புத்தண்ணீர் அடுக்கு இருந்தால் அது மேலே ஏறி நல்ல தண்ணீரையும் கெடுக்கும். அப்படி நேர்ந்தால் கீழ்ப்பகுதியை பெண்டோனைட் களிமண்ணோ சிமெண்ட்டோ போட்டு அடைத்து மேலடுக்கைக் காப்பாற்ற முடியும், ஆனால் நேரத்தோடு செய்ய வேண்டும்.

எங்கள் இடம் முழுக்க மணல், பாறையே இல்லை. அங்கே எப்படி?

அங்கே எவ்வளவு ஆழம் என்பதை விட எந்த அடுக்கில் வடிகட்டிக் குழாயை நிறுத்துகிறோம் என்பதுதான் முக்கியம். துளையிலிருந்து வரும் மண்ணைப் பத்தடிக்கு ஒரு முறை எடுத்து வரிசையாகக் கொட்டி வையுங்கள். விரலில் தேய்த்தால் வழவழவென்று ஒட்டுவது களிமண், அது தண்ணீரை வைத்திருக்கும் ஆனால் விடாது. மாவு மாதிரி நுண்மணலில் தண்ணீர் வரும், கூடவே மணலும் வந்து மோட்டாரைத் தேய்க்கும். நறநறவென்று பருமணலும் சிறுகூழாங்கல்லும் வரும் அடுக்குதான் நமக்கு வேண்டியது. கோடை நீர்மட்டத்துக்குக் கீழே அப்படி 15, 20 அடி கனமான அடுக்கு கிடைத்து, அதன் முழு உயரத்துக்கும் ஸ்லாட் போட்ட குழாயை நிறுத்தி, சுற்றிலும் பொடிக்கூழாங்கல் நிரப்பினால் வீட்டுக்கு அதற்கு மேல் தேவையில்லை.

போர் ஓடும்போது எங்கே நிறுத்துவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வண்டி ஓடும் நேரம் முழுக்கப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், கையில் நோட்டும் பேனாவும். காற்றழுத்தத்தில் சுத்தியல் அடித்து இறங்கும் வண்டியில், உடைந்த கல் எல்லாம் காற்றோடு மேலே வரும். முதலில் மேல்மண், அப்புறம் பழுப்பும் மஞ்சளுமாக மக்கிய கல். அதைத் தாண்டியதும் வெள்ளையோ சாம்பலோ நிறத்தில் புழுதி கிளம்பும், அந்த இடத்தில்தான் கேசிங்கை உட்கார வைப்பார்கள்.

அதற்கு அப்புறம் கவனிக்க வேண்டியது புழுதியைத்தான். காய்ந்த புழுதி புகை மாதிரி பறந்துகொண்டே இருந்தால் கீழே முழுப்பாறை. திடீரென்று புழுதி அடங்கி, கல்பொடி ஈரமாகக் கட்டி கட்டியாக வந்து விழுந்தால் ஏதோ ஒரு சிறு வெடிப்பைத் தொட்டிருக்கிறது. அந்த ஆழத்தை உடனே எழுதுங்கள். கல்துண்டுகளை ஒரு தட்டில் போட்டுக் கழுவிப் பாருங்கள். எல்லா முகமும் புதிதாக உடைந்து பளபளவென்று கூராக இருந்தால் அது கெட்டிப் பாறை. ஒரு பக்கம் மட்டும் துருப்பிடித்தது போல் சிவந்தோ பழுப்பாகவோ இருந்தால், அந்த முகத்தின் மேல் நெடுங்காலமாகத் தண்ணீர் ஓடியிருக்கிறது என்று பொருள், வெடிப்பு பக்கத்தில் இருக்கிறது. வண்டியின் சத்தமும் மாறும், ராடு, அதாவது துளையிடும் இரும்புத் தண்டு, சட்டென்று அரை அடி, ஓரடி இறங்கும், அதைத்தான் வண்டிக்காரர்கள் கேப் கிடைத்தது என்பார்கள்.

தண்ணீர் வர ஆரம்பித்தால் அவசரப்பட்டு அங்கேயே நிறுத்தவும் கூடாது. ராடை நிறுத்தி, காற்றை மட்டும் விட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் தண்ணீர் குறையாமல் வருகிறதா என்று பாருங்கள். சில வெடிப்புகளில் தேங்கிய தண்ணீர் முதலில் பீறிட்டு வந்து, கொஞ்ச நேரத்தில் நூலாகிவிடும். நிலையாக வந்தால், மோட்டாருக்கும் வண்டலுக்கும் தேவையான ஆழம் ஏற்கனவே இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் அதற்கு மட்டும் போய் நிறுத்துங்கள்.

என் கருத்தில் நல்ல நிறுத்த விதி இதுதான்: வீட்டுத் தேவைக்கான தண்ணீர் நிலையாக வந்து, மேலே போட்ட கணக்கின் ஆழமும் முடிந்திருந்தால் நிறுத்து. தண்ணீர் போதாமல் இருந்து, கடைசி 150 அடியில் புதிதாக ஈரம் எதுவும் சேரவில்லை என்றாலும் நிறுத்து.

"இரண்டு இன்ச் தண்ணீர்" என்றால் எவ்வளவு?

போரிலிருந்து வரும் தண்ணீரை ஒரு சிறு வாய்க்காலில் விட்டு, அதன் குறுக்கே வி வடிவத்தில் வெட்டிய தகட்டை நிறுத்தி, அந்த வெட்டில் தண்ணீர் எத்தனை இன்ச் உயரத்துக்கு வழிகிறது என்று பார்ப்பார்கள். வெட்டு 90 பாகை கோணத்தில் இருந்தால் ஒரு இன்ச் என்பது நிமிடத்துக்கு ஏறக்குறைய 8 லிட்டர். இரண்டு இன்ச் 16 லிட்டர் இல்லை, கிட்டத்தட்ட 48 லிட்டர். மூன்று இன்ச் 130 லிட்டருக்கும் மேல். உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் ஆகிறது, அதனால் ஒன்றரை இன்ச்சை இரண்டு என்று சொல்வது சின்னப் பிழை இல்லை.

தகடு இல்லையா, எல்லாத் தண்ணீரும் ஒரே இடத்தில் விழும்படி செய்து 20 லிட்டர் வாளியை வையுங்கள், நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். ஆனால் எப்படி அளந்தாலும் அது காற்று தள்ளிக் கொண்டுவந்த தண்ணீரின் அளவு. மோட்டார் போட்டு குறைந்தது நான்கு மணி நேரம் விடாமல் இறைத்து, நீர்மட்டம் எங்கே நிற்கிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் பழைய இடத்துக்கு ஏறுகிறது என்று பார்த்தால்தான் உண்மையான ஊற்று தெரியும்.

ஒரு இன்ச்தான் வந்தது. இன்னும் 200 அடி போகட்டுமா?

அவசரப்படாதீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர் என்று வைத்தால் ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 750 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 8 லிட்டர் வரும் ஊற்று அதை ஒன்றரை மணி நேரத்தில் கொடுத்துவிடும். பெரிய தொட்டி ஒன்று, குறைவாக இறைக்கும் சிறிய மோட்டார் ஒன்று, காலையிலும் மாலையிலும் பிரித்து ஓட்டுவது, இது போதும். கோடையில் பாதியாகக் குறைந்தாலும் சமாளிக்கலாம். இப்படிப்பட்ட போரில் பெரிய மோட்டாரை இறக்கிவிட்டு, பத்து நிமிடத்தில் தண்ணீர் நின்றுபோகிறது, போர் சரியில்லை என்று வருத்தப்படுபவர்களைப் பார்க்கும்போது கஷ்டமாக இருக்கிறது. குறை போரில் இல்லை, மோட்டார் தேர்வில் இருக்கிறது.

கொஞ்சம் கூடுதல் ஆழத்தில் ஒரு நன்மை உண்டு, அந்தத் துளையே சேமிப்பாகிறது. ஆறரை இன்ச் துளையில் ஓரடிக்கு ஏறக்குறைய 6.5 லிட்டர் நிற்கும், 100 அடிக்கு 650 லிட்டர். மெதுவாக ஊறும் போரில் ராத்திரி முழுக்கச் சேர்ந்து காலையில் கிடைக்கும். ஆனால் அதே 650 லிட்டரைத் தரைமேல் ஒரு தொட்டியில் வைப்பது பெரும்பாலும் சுலபம். இடமே இல்லாத வீட்டுக்கு மட்டும் இதை யோசிக்கலாம்.

ஆழத்துத் தண்ணீர்தான் சுத்தமான தண்ணீர் என்கிறார்களே?

பாதி உண்மை. கிருமி, கழிவுநீர், உரத்திலிருந்து வரும் நைட்ரேட் இவையெல்லாம் மேலிருந்து இறங்குபவை, அதனால் மேலோட்டமான கிணற்றில் ஆபத்து அதிகம். ஆனால் தண்ணீர் கீழே எவ்வளவு காலம் பாறையோடு கிடக்கிறதோ அவ்வளவு உப்புகளைக் கரைத்துக்கொள்ளும். ஃபுளோரைடு, இரும்பு, சில பாறைகளில் யுரேனியம்கூட ஆழத்துத் தண்ணீரில் கூடுதலாக வரலாம். கண்ணுக்குத் தெளிவாக, நாக்குக்கு நன்றாக இருக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு அளவுக்கு மேல் இருக்க முடியும், குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீரால் பரவிய நோய்களிலிருந்து தப்பிக்க 1970களிலிருந்து லட்சக்கணக்கில் ஆழம் குறைந்த குழாய்க் கிணறுகள் போட்டார்கள், 1990களில் அவற்றில் ஏராளமானவற்றில் ஆர்சனிக் இருப்பது தெரியவந்தது. அங்கே 150 மீட்டருக்குக் கீழே உள்ள அடுக்குகளில் பொதுவாக ஆர்சனிக் குறைவு, அதனால் பாதுகாப்புக்காகவே ஆழமாகப் போகிறார்கள். ஆக எந்த ஆழம் நல்லது என்பது அந்த மண்ணைப் பொறுத்தது.

உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் உச்ச அளவு: லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம். போர் போட்டு, நன்றாக இறைத்து, தெளிந்தபின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன் குடிக்க வேண்டாம், குழந்தைகள் உள்ள வீட்டில் கண்டிப்பாக வேண்டாம்.

கழிவுநீர்த் தொட்டி பக்கத்தில் இருக்கிறது. ஆழமாகப் போட்டால் பிரச்சினை இல்லையே?

ஆழம் தூரத்துக்கு மாற்று ஆகாது. தொட்டியிலிருந்து குறைந்தது 50 அடி, முடிந்தால் 100 அடி தள்ளி, நிலம் சரிந்திருந்தால் மேட்டுப் பக்கமாகப் போடுங்கள். மணல் ஓரளவு வடிகட்டும், ஆனால் பாறை வெடிப்பு ஒரு திறந்த குழாய், கழிவு அதன் வழியாக நெடுந்தூரம் போகும்.

கேசிங் எவ்வளவு ஆழம் வரை வேண்டும்?

மேல்மண்ணும் மக்கிய கல்லும் முடிந்து, கெட்டிப் பாறைக்குள் பத்தடியாவது போக வேண்டும். கெட்டிப் பாறை வந்துவிட்டது என்று சீக்கிரம் நிறுத்தினால், அது இடையில் கிடந்த ஒரு பெரிய உருண்டைக் கல்லாக இருந்து, கீழே மறுபடி மக்கிய மண் வந்து துளைக்குள் சரியும். அப்புறம் மோட்டார் மாட்டிக்கொண்டு வெளியே வராது. கேசிங்குக்கும் துளைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சிமெண்ட் கலவை ஊற்றி அடைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மழைநீரும் சாக்கடையும் குழாயை ஒட்டியே கீழே இறங்கும். தரைக்கு மேலே ஓரடியாவது குழாய் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆழத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் இந்த அடைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆனால் தண்ணீர் கெடுவது அநேகமாக இந்த வழியில்தான்.

கடலோரத்தில் இருக்கிறோம். எவ்வளவு ஆழம் போகலாம்?

கடலோரத்தில் ஆழம் போவதுதான் ஆபத்து. நல்ல தண்ணீர், எடை கூடிய உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கைபென், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் 100 வருடங்களுக்கு முன்பே தனித்தனியாகக் கண்டறிந்த கணக்கு. அதைத் திருப்பிப் பாருங்கள், இறைத்து இறைத்து மட்டத்தை ஓரடி இறக்கினால் உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். அதனால் இங்கே ஆழம் குறைவாக, குறைந்த வேகத்தில், இடைவெளி விட்டு இறைப்பதுதான் வழி. உப்பு ஒருமுறை ஏறிவிட்டால் இறங்கப் பல வருடம் ஆகலாம். சில கடலோரங்களில் களிமண்ணுக்குக் கீழே ஆழத்தில் தனியாக நல்ல தண்ணீர் அடுக்கு உண்டு, அது உண்டா இல்லையா என்பதை நிலத்தடி நீர்த் துறையினரிடம் கேட்காமல் துளைக்காதீர்கள்.

மோட்டாரை அடியில் கொண்டுபோய் வைத்தால் மின்சாரம் அதிகம் செலவாகுமா?

இல்லை, இது பரவலான தவறான எண்ணம். தண்ணீரை எவ்வளவு உயரம் தூக்குகிறோம் என்பது இறைப்பு மட்டத்தைப் பொறுத்தது, மோட்டார் எங்கே தொங்குகிறது என்பதைப் பொறுத்தது இல்லை. குழாயின் கூடுதல் நீளத்தில் ஏற்படும் உராய்வு மட்டும்தான் கொஞ்சம் கூடும். ஆனால் நீர்மட்டமே கீழே இருந்தால் செலவு நிச்சயம். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறனில் ஓடுவதாக வைத்தால், 1000 லிட்டரை 150 அடி தூக்க ஏறக்குறைய மூன்றில் ஒரு யூனிட், 450 அடி தூக்க ஒரு யூனிட்டுக்குப் பக்கம்.

மோட்டாருக்குக் கீழே ஒரு ஊற்றாவது இருப்பது நல்லது, தண்ணீர் மோட்டாரை உரசிக்கொண்டு மேலே போகும்போதுதான் அது குளிரும். எல்லா ஊற்றும் மேலே இருந்து, மோட்டார் கீழே இருந்தால், அதைச் சுற்றி ஒரு உறை போட்டுத் தண்ணீரைக் கீழிருந்து வரவைக்க வேண்டும்.

தரைமேல் வைக்கும் மோட்டார் போதாதா?

இறைப்பு மட்டம் 25 அடிக்குள் இருந்தால் போதும். உறிஞ்சும் மோட்டாரால் கோட்பாட்டளவில் 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர் அளவுக்குத்தான் இழுக்க முடியும், அதற்குமேல் எவ்வளவு குதிரைத்திறன் போட்டாலும் வராது.

நீரோட்டம் பார்ப்பவர் 180 அடியில் தண்ணீர் என்கிறார். நம்பலாமா?

குச்சியோ வேறு எதுவோ வைத்துப் பார்ப்பது, முறையாகச் சோதித்துப் பார்த்தபோது குருட்டு ஊகத்தைவிடச் சிறப்பாக இருந்ததாக நிரூபணமாகவில்லை. பல இடங்களில் எங்கே துளைத்தாலும் கொஞ்சம் தண்ணீர் வரும் என்பதால் பலித்தது போலத் தெரிகிறது.

மண்ணின் மின்தடையை அளக்கும் ரெசிஸ்டிவிட்டி சோதனைக்கு அறிவியல் அடிப்படை உண்டு. மக்கிய பாறை எவ்வளவு கனம், கெட்டிப் பாறை எங்கே ஆரம்பிக்கிறது என்று ஓரளவு சொல்லும், அதை வைத்து கேசிங் அளவைக்கூட முன்பே ஊகிக்கலாம். ஆனால் களிமண்ணும் உப்புத்தண்ணீரும் இரண்டுமே தடை குறைவாகக் காட்டும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அது சொல்லாது. ஆழத்தைப் பார்க்க அதைப்போலப் பல மடங்கு நீளத்துக்கு நேர்கோட்டில் வயர் இழுக்க வேண்டும், வீட்டு மனைக்குள் நாலு கம்பி நட்டு 600 அடி ஆழத்தைச் சொல்பவரிடம் எப்படி என்று கேளுங்கள்.

எந்த மாதத்தில் போடுவது நல்லது?

கோடையின் கடைசியில், மட்டம் மிகவும் கீழே இருக்கும்போது. மழைக்காலத்தில் 80 அடியில் பொங்கி வருவதைப் பார்த்து நிறுத்தியவர்கள் அடுத்த கோடையில் மறுபடி வண்டியைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

பழைய போர் வற்றிவிட்டது. அதையே ஆழப்படுத்தலாமா?

கேசிங் நன்றாக இருந்து, துளை நேராக இருந்து, உள்ளே கழன்று விழுந்த மோட்டாரோ பைப்போ இல்லையென்றால் முடியும். முதலில் ஒரு எடையைக் கயிற்றில் கட்டி இறக்கி இப்போதைய ஆழத்தை அளங்கள், வண்டல் மூடி 300 அடி போர் 220 ஆகியிருந்தால் சுத்தம் செய்தாலே தண்ணீர் திரும்பலாம். கேமரா இறக்கிப் பார்ப்பது இன்னும் நல்லது, ஊற்றுவாய்கள் அடைந்திருப்பது கண்ணுக்கே தெரியும். கடினப் பாறையாக இருந்தால், ஆழப்படுத்துவதற்கு முன் ஹைட்ரோ ஃபிராக்சரிங் பற்றி விசாரியுங்கள், துளையின் ஒரு பகுதியை அடைத்து உயர் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்தி, இருக்கும் வெடிப்புகளைத் திறந்துவிடும் முறை அது. ஊற்று மெலிந்த போரில் பலன் தரும், முழுக்க வறண்ட பாறையில் எதிர்பார்க்க முடியாது. சுற்றிலும் எல்லோருடைய மட்டமும் இறங்கிவிட்டது என்றால் சுத்தம் செய்வதால் பயனில்லை, ஆழம்தான் வழி, கூடவே மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதையும் ஆரம்பிக்க வேண்டும்.

சொன்ன அளவுக்கு உண்மையிலேயே போயிருக்கிறார்களா என்று எப்படிச் சரிபார்ப்பது?

ஆரம்பிக்கும் முன் ஒரு ராடை டேப் வைத்து அளங்கள், அப்புறம் இறங்கும் ஒவ்வொரு ராடுக்கும் நோட்டில் ஒரு கோடு. கோடுகளின் எண்ணிக்கையை ராடு நீளத்தால் பெருக்கினால் ஆழம். முடிந்தபின் எடை கட்டிய கயிற்றால் ஒருமுறை. கேசிங் பைப்புகளையும் இறங்கும் முன்பே எண்ணுங்கள், அப்புறம் எண்ண முடியாது. ஊற்று கிடைத்த ஆழங்கள், கேசிங் ஆழம், மொத்த ஆழம், மோட்டார் இறக்கிய ஆழம், நீர்மட்டம், தேதி இத்தனையும் உள்ள அந்த நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருடம் கழித்து மோட்டார் மாற்ற வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

எவ்வளவு போயும் தண்ணீர் வரவில்லை. அந்தத் துளையை என்ன செய்வது?

வண்டி கிளம்புவதற்கு முன்பே மூட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு கோணியையோ கல்லையோ வைத்துவிட்டுப் போகக்கூடாது. திறந்து கிடந்த துளைகளில் குழந்தைகள் விழுந்து இறந்திருக்கிறார்கள். அன்றைக்கே வெல்டு செய்த இரும்பு மூடியோ, போல்ட் போட்டு இறுக்கிய மூடியோ போடுங்கள். அந்தத் துளை வேண்டாம் என்று முடிவானால் கேசிங்கை உருவி எடுத்து விட்டு மேலே மட்டும் மண் தள்ளுவது போதாது, அந்த மண் சில மழைக்குள் உள்ளே இறங்கி மறுபடி குழி திறக்கும். அடியிலிருந்தே களிமண், மணல், கல்பொடி என்று நிரப்பிக்கொண்டு வந்து, மேல் பத்துப் பதினைந்து அடியைச் சிமெண்ட் கலவையாலோ பெண்டோனைட்டாலோ அடைத்து, தரைமட்டத்தை விடக் கொஞ்சம் மேடாக முடிக்க வேண்டும். இரண்டு மழை கழித்து ஒருமுறை போய்ப் பார்த்து, மண் இறங்கியிருந்தால் மறுபடி நிரப்புங்கள்.